ஹெல்மெட் கேமரா: குல்மார்க் பனிச்சறுக்குக்கு எது, எங்கே பொருத்துவது?

#1 தென்றல்82 (சென்னை)

வணக்கம். பிப்ரவரி மூணாவது வாரம் குல்மார்க், அஞ்சு நாள். முதல் மூணு நாள் பயிற்சியாளரோட கொங்டூரி (கொண்டோலாங்கிற கேபிள் காரோட முதல் கட்ட நிறுத்தம்) பக்கம், கடைசி ரெண்டு நாள் வழிகாட்டியோட கொண்டோலாவில் ரெண்டாம் கட்டம் ஏறி அபர்வத் மலை. ஸ்கீயிங் நடுத்தர நிலை. ரெண்டு கையிலயும் கோல் இருக்கும்ங்கிறதால ஹெல்மெட்டுல பொருத்துற கேமராவா பார்க்கிறேன். பட்டியல்ல நிக்கிறது மூணு: கோப்ரோ ஹீரோ12, டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, இன்ஸ்டா360 எக்ஸ்3. எது எடுக்கலாம், ஹெல்மெட்டுல எந்த இடத்துல வைக்கிறது, எத்தனை பேட்டரி வேணும், செட்டிங்ஸ் என்ன? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா நல்லா இருக்கும்.

#2 வெண்சரிவு (சூரிச்)

எந்தக் கமெரா எண்ட கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கோ. எங்க பூட்டப் போறீங்கள் எண்டதுதான் முதல் முடிவு. நீங்கள் சொன்ன மூண்டும் நல்ல வெளிச்சத்தில கிட்டத்தட்ட ஒரே தரமான படம்தான் எடுக்கும். பூட்டின இடம் பிழைச்சால் மூண்டும் ஒரேமாதிரிக் குப்பையாத்தான் எடுக்கும்.

உச்சந்தலை: பார்வை உயரமா, சமமா வரும். ஆனால் பிடியோட சேர்த்து ஹெல்மெற்றுக்கு மேல 7, 8 சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டு நிக்கும். லிஃப்ற்றில பாதுகாப்புக் கம்பியைக் கீழ இறக்கேக்க அதில அடிபடும், கொன்டோலாக் கதவில தட்டும், மரக்கொப்பில கொளுவும். விழுந்தால் அந்த உயரமே நெம்புகோல் மாதிரிக் கழுத்தைத் திருப்பும். அதோட, படத்தில ஸ்கீ முனை தெரியாது. வானத்தில பறக்கிற ஆள் எடுத்த மாதிரி இருக்கும்.

பக்கவாட்டு: உருளை வடிவக் கமெராக்கள் விற்பனையில இருந்த காலத்தில உது நல்ல இடம். இப்ப வாறதெல்லாம் பெட்டி வடிவம். பக்கத்தில பூட்டினால் காத்தைப் பிடிக்கும், 150 கிராம் ஒரு பக்கமாத் தொங்கி ஹெல்மெற்றையே சரிக்கும், படத்தில பாதியை ஹெல்மெற்றின்ர விளிம்பு மறைக்கும்.

நெற்றி, கொகிள்ஸுக்கு நேர மேல: நான் சொல்லுறது இதுதான். கண்ணுக்குக் கிட்ட இருக்கிறபடியால் நீங்கள் பார்க்கிறதைத்தான் கமெராவும் பார்க்கும். எல்லா ஹெல்மெற்றிலயும் அங்க இடம் இருக்காது. காத்துத் துவாரமோ கீழ வளைஞ்ச விளிம்போ இருந்தால் பிடி முழுசா ஒட்டாது. ஹெல்மெற் வாங்கேக்க நெற்றியில 4 × 5 சென்ரிமீற்றர் அளவுக்கு வழுவழுப்பான இடம் இருக்கோ எண்டு பாருங்கோ.

நெஞ்சுப் பட்டை: கை, கோல், ஸ்கீ எல்லாம் படத்தில வரும், வேகமும் தெரியும். தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது. நடுத்தர நிலைக்காரருக்கு உண்மையில இதுதான் அழகான படம் தரும். அபர்வத்தில மட்டும் இதுக்குப் பெரிய தடை ஒண்டு இருக்கு. ஒஸ்லோவாசி சொல்லுவார் எண்டு நினைக்கிறன்.

எங்க பூட்டினாலும் சாய்வைப் போறதுக்கு முதலே வீட்டில சரிபாருங்கோ. ஹெல்மெற், கொகிள்ஸ் ரெண்டையும் போட்டு, முழங்கால் மடிச்சு ஸ்கீ நிலையில நில்லுங்கோ. பத்து மீற்றர் தள்ளி நிலத்தில ஒரு பொருளை வைச்சு அதைப் பாருங்கோ. போனில வாற முன்காட்சியில அந்தப் பொருள் நடுவுக்குச் சற்றுக் கீழயும் அடிவானம் மேல் மூண்டில ஒரு பங்கிலயும் இருக்கவேணும். கண்ணால பார்த்துச் சாய்ச்சால் அநேகமா கமெரா மேல பார்த்துக்கொண்டு நிக்கும், பாதிப் படம் வானமாப் போகும். சரியான சாய்வு கிடைச்ச உடன பிடியின்ர மூட்டில நிரந்தர மையால ஒரு கோடு போட்டு வையுங்கோ. மலையில கழண்டாலும் திருப்பி அதே இடத்தில பூட்டலாம்.

#3 ஒஸ்லோவாசி (ஒஸ்லோ)

ஓம், அந்தத் தடை பனிச்சரிவு பீக்கன், பனிக்குள்ள புதைஞ்ச ஆளைத் தேடிப் பிடிக்க உடம்பில கட்டுற ரேடியோக் கருவி. அபர்வத்தில கொன்டோலாவால இறங்கி, குறிச்ச பாதையை விட்டு வெளிய போறதெண்டால் பீக்கன், சவள் (பனி அள்ளுற மண்வெட்டி), தேடுகோல் (பனிக்குள்ள குத்திப் பார்க்கிற நீட்டுக் கம்பி) மூண்டும் இல்லாமல் போகக்கூடாது. உங்கட வழிகாட்டியும் கட்டாயம் கேட்பார்.

பீக்கன் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில வேலை செய்யிறது. கமெரா, போன், சூடாக்கிற கையுறை, ஸ்மார்ட் கடிகாரம் எல்லாம் அந்த அலைவரிசைக்குக் கிட்ட இரைச்சலை உண்டாக்கும். உலகம் முழுக்கச் சொல்லிக்குடுக்கிற விதி 20/50. பீக்கன் சமிக்ஞை அனுப்பும் நிலையில இருக்கேக்க மற்ற மின்பொருள் எல்லாம் குறைஞ்சது 20 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கவேணும். தேடும் நிலையில குறைஞ்சது 50 சென்ரிமீற்றர்.

பீக்கனைக் கட்டுறது நெஞ்சில. அதுக்கு நேர மேல நெஞ்சுப் பட்டையில கமெராவைப் பூட்டினால் இடைவெளி 5 சென்ரிமீற்றர்கூட வராது. ஆனபடியால் கொங்டூரிச் சரிவில பயிற்சியாளரோட நிக்கிற மூண்டு நாளும் நெஞ்சில பூட்டுங்கோ, பிரச்சினை இல்லை. அபர்வத்துக்கு ஏறுற அண்டைக்கு அது ஹெல்மெற்றுக்குப் போகவேணும்.

#4 தென்றல்82

இதை யாருமே சொல்லலை, ரொம்ப நன்றி. அப்போ ஹெல்மெட்டுல இருந்தா கேமரா ஓடிட்டே இருக்கலாமா? கைமணிக்கட்டு ரிமோட் வாங்கலாமான்னும் யோசிச்சிட்டு இருந்தேன்.

#5 ஒஸ்லோவாசி

அனுப்பும் நிலையில ஓடலாம். நெற்றிக்கும் நெஞ்சுப் பீக்கனுக்கும் 20 சென்ரிமீற்றருக்கு மேல தாராளமா இருக்கும். வைஃபை, புளூடூத் ரெண்டையும் நிப்பாட்டி வையுங்கோ, பற்றரிக்கும் நல்லது.

ஆராவது புதைஞ்சு, நீங்கள் தேடவேண்டி வந்தால் கதை வேற. பீக்கனைத் தேடும் நிலைக்கு மாத்த முதல் கமெராவை முழுசா நிப்பாட்டுங்கோ. பதிவை மட்டும் நிப்பாட்டுறது போதாது. பனி மட்டத்தில குனிஞ்சு நுண்தேடல் செய்யேக்க தலையும் பீக்கனும் கிட்ட வந்திடும். இரைச்சல் புகுந்தால் தூர எண் காரணமில்லாமல் குதிக்கும், அம்பு பிழையான பக்கம் காட்டும், சமிக்ஞை பிடிபடுற தூரமும் குறையும். புதைஞ்சவருக்கு ஒவ்வொரு நிமிசமும் பெறுமதி.

மணிக்கட்டு ரிமோட்: வேண்டாம். தேடேக்க பீக்கனைப் பிடிக்கிற கையிலதானே அது கட்டியிருக்கும்! ஸ்மார்ட் கடிகாரமும் அப்பிடித்தான், அண்டைக்குக் கழட்டிப் பையுக்குள்ள போடுங்கோ. போன் வலப்பக்கக் காற்சட்டைப் பையில, பறப்பு நிலையில. அதுவும் தேடேக்க முழுசா அணைஞ்சிருக்கவேணும்.

#6 மின்கலம் (கோவை)

பேட்டரி பத்தி நான் சொல்றேன்.

லித்தியம் அயான் செல் குளிர்ல சார்ஜை இழக்கிறதில்லை, கொடுக்க முடியாம திணறுது. உள்மின்தடை ஏறிடும். கேமரா 4கே60 (4கே தெளிவு, விநாடிக்கு 60 சட்டகம்) மாதிரி அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டுன்னு சரியும், கேமரா "பேட்டரி தீர்ந்தது"ன்னு நினைச்சு அணைஞ்சிடும். அதே பேட்டரியை உள்சட்டைப் பையில 15 நிமிஷம் வச்சு எடுத்தா 40 சதவீதம் காட்டும். அதனால மலையில அணைஞ்ச பேட்டரியைத் தீர்ந்ததுன்னு ஒதுக்கிடாதீங்க, உடம்புச் சூட்டுல வச்சு இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.

இதுல பலரும் தவறவிடுற ஒண்ணு: ஓடிட்டிருக்கிற கேமரா தன்னைத்தானே சூடாக்கிக்கும். செயலி வெளியிடுற வெப்பம் பேட்டரியைக் காப்பாத்தும். பாதி நேரம் அணைச்சு வச்சு, உறைஞ்சு கிடக்கிற பேட்டரியில திரும்பத் திரும்பத் தொடங்குறப்போதான் சாகும். லிஃப்ட் வரிசையில நீண்ட நேரம் நிக்கணும்னா கேமராவைப் பிடியில இருந்து கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கோங்க. காந்தப் பிடி இருக்கிற மாடல் இந்த இடத்துல உதவும். கையுறையோட ஒரு நொடியில கழட்டலாம்.

காத்துக் குளிர் (விண்ட் சில்) எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது தோலுக்கான கணக்கு. காத்து மைனஸ் 10 டிகிரின்னா கேமரா மைனஸ் 10க்குக் கீழ போகாது, அங்க சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

உங்க மூணு மாடலும்: ஹீரோ12ல 1720 மில்லி ஆம்பியர் மணி, ஆக்‌ஷன் 4ல 1770, எக்ஸ்3ல 1800. எண்ணுல பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஹீரோ12க்கு நிறுவனம் சொல்ற வேலை வெப்பநிலை மைனஸ் 10 வரைக்கும், ஆக்‌ஷன் 4க்கு மைனஸ் 20 வரைக்கும். கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்துல பிப்ரவரி காலைன்னா இந்தப் பத்து டிகிரி முக்கியம். கோப்ரோ எடுத்தா எண்டியூரோன்னு போட்ட குளிர்தாங்கும் பேட்டரிதானான்னு பார்த்து வாங்குங்க. ஹீரோ11ல இருந்து அதுதான் கூட வருது, ஹீரோ9க்கும் 10க்கும் பொருந்தும். பழைய சாதாரண பேட்டரி குளிர்ல நிக்காது. மலிவு பேட்டரிகள்ல அளவு ஒரு மில்லிமீட்டர் கூடி உள்ள மாட்டிக்கிற ஆபத்தும் உண்டு.

ஒரு இறக்கம் 5-8 நிமிஷம், நாளைக்கு எட்டுப் பத்து இறக்கம்னா மொத்தப் பதிவு ஒரு மணி நேரம் சுத்தி. அறை வெப்பத்துல ஹீரோ12 5.3கே60ல சுமார் 70 நிமிஷம் ஓடும்னு நிறுவனம் சொல்லுது. குளிர்ல பாதின்னு வச்சுக்கிட்டு மூணு பேட்டரி எடுங்க. மாத்தும்போது முதுகைக் காத்துக்குக் காட்டி நில்லுங்க. கதவோட ரப்பர் விளிம்புல ஒரு துளி பனி ஒட்டினாலும் மூடினதுக்கப்புறம் அது உருகி உள்ள போகும்.

சாயங்காலம் ஓட்டலுக்கு வந்ததும் உடனே சார்ஜ் போடாதீங்க. செல்லோட வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்தினா எதிர்மின்வாய் மேல லித்தியம் உலோகமாப் படியும், அது திரும்பச் சரியாகாது. ஒரு மணி நேரம் அறையில வச்சுட்டு அப்புறம் போடுங்க. மலை மேல பவர் பேங்க்ல போடுறதும் இதே தப்பு.

#7 பனித்துளி

கார் பந்தய வீரர் ஷூமாக்கரோட பனிச்சறுக்கு விபத்துக்கு ஹெல்மெட் கேமராதான் காரணம்னு படிச்ச ஞாபகம். அப்போ ஹெல்மெட்டுல பொருத்துறதே ஆபத்துதானே?

#8 வெண்சரிவு

அப்பிடி நிரூபிக்கப்படேல்லை. 2013 டிசம்பர் 29, பிரான்சில மெரிபெல். அவரின்ர ஹெல்மெற்றில கமெரா இருந்தது, ஹெல்மெற் உடைஞ்சது, அந்தப் பதிவை விசாரணையாளர் எடுத்துப் பார்த்தவை. குறிச்ச பாதைக்கு வெளிய, பனிக்குள்ள கிடந்த பாறையில தட்டுப்பட்டு விழுந்து, இன்னொரு பாறையில தலை அடிபட்டது எண்டுதான் விசாரணை சொன்னது. கமெராதான் காயத்தைக் கூட்டினது எண்டது பத்திரிகைகளில வந்த சந்தேகம்.

ஆனால் உங்கட கேள்வியில நியாயம் இருக்கு. பனிச்சறுக்கு ஹெல்மெற்றுக்கு ஐரோப்பாவில ஈஎன் 1077, அமெரிக்காவில ஏஎஸ்டிஎம் எஃப்2040 எண்டு தரநிர்ணயம். அந்தத் தரத்துக்குச் சோதிச்சது ஒண்டும் ஒட்டாத, வழுவழுப்பான வெளி ஓட்டோட இருக்கிற ஹெல்மெற்றை. வழுக்கிக்கொண்டு போகவேண்டிய ஓட்டில ஒரு கட்டி நீட்டிக்கொண்டு நிண்டால் அது பனியில கொளுவித் தலையைச் சுழட்டும். அதனால எனக்கு மூண்டு கட்டாயம்: ஹெல்மெற்றில துளை போடக்கூடாது, திருகு போடக்கூடாது. பிடி எவ்வளவு தாழ்வா இருக்கோ அவ்வளவு நல்லது. நீட்டுக் கை, ரெண்டு மூண்டு மூட்டு எல்லாம் வேண்டாம். பெரிய அடி விழுந்தால் கமெரா ஹெல்மெற்றை விட்டுக் கழண்டு போகவேணும்.

கமெரா துலைஞ்சு போகாமல் கட்டுற நாடாவும் அப்பிடித்தான். 10 சென்ரிமீற்றருக்கு உள்ள, மெல்லிய நூல். நீட்டுக் கயிறு எண்டால் கழண்ட கமெரா சுழண்டு வந்து முகத்தில அடிக்கும். தடிச்ச கயிறு எண்டால் கழுத்தை இழுக்கும்.

#9 கனடாக்குளிர் (ரொறன்ரோ)

ஒட்டுற விசயம். கமெராவோட வாற பிடியில இருக்கிறது 3எம் விஎச்பி நுரைப்பசை. அது சரியா ஒட்டினால் கையால பிடுங்கேலாது. பிழையா ஒட்டினால் முதல் விழுகையிலயே போயிடும். பெரும்பாலும் பிழைக்கிறது வெப்பநிலையில.

21 தொடக்கம் 38 டிகிரிக்குள்ள ஒட்டவேணும், 10 டிகிரிக்குக் கீழ பசை மேற்பரப்பை நனைக்காது, சும்மா தொட்டுக்கொண்டு நிக்கும். ஒட்டின இருபது நிமிசத்தில பாதிப் பலம், 24 மணித்தியாலத்தில தொண்ணூறு வீதம், 72 மணித்தியாலத்தில முழுப் பலம். தென்றல், உங்கட சென்னையின்ர வெக்கை இதுக்கெண்டே செய்த மாதிரி. புறப்பட மூண்டு நாளுக்கு முதல் வீட்டிலயே ஒட்டுங்கோ. குல்மார்க் ஹோட்டல் அறையில முதல் நாள் இரவு ஒட்டிப்போட்டுக் காலமை ஏறாதேங்கோ.

வேலை இவ்வளவுதான்: ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சு ஹெல்மெற்றின்ர வெளிப்பக்கத்தைத் துடைச்சுக் காயவிடுங்கோ. அசிற்றோன், தின்னர் பக்கம் போகாதேங்கோ, ஓட்டின்ர பிளாஸ்ரிக்கைத் தின்றிடும். பிடியை முதல் ஒட்டாமல் வைச்சுப் பாருங்கோ: வளைஞ்ச இடத்துக்கு வளைஞ்ச பிடி, தட்டையான இடத்துக்குத் தட்டைப் பிடி. நாலு மூலையும் ஓட்டில படவேணும், ஒரு மூலை ஆடினாலும் அந்த இடம் சரிவராது. பிறகு தாளை உரிச்சு வைச்சு, பெருவிரலால அரை நிமிசம் முழுப் பலத்தோட அமத்துங்கோ. றப்பர் மாதிரி மெத்தெண்ட, மினுக்கமில்லாத ஓடு எண்டால் விஎச்பி பிடிக்காது, அதுக்கு வேற வழிதான்.

பிறகு கழட்ட: தலைமயிர் காயவைக்கிற கருவியால மெல்லிய சூடு காட்டி, பல் இடுக்கு நூலை அடியால விட்டு அறுத்துக்கொண்டு வாங்கோ. சூடு கூடினால் உள்ளுக்கு இருக்கிற நுரை கெட்டுப்போகும், அப்ப ஹெல்மெற்றையே மாத்தவேண்டி வரும்.

#10 மின்கலம்

#9க்கு ஒரு இடைக்கேள்வி. தென்றல், ஹெல்மெட் உங்க சொந்தமா, அங்க வாடகையா?

#11 தென்றல்82

வாடகைன்னுதான் நினைச்சேன்.

#12 மின்கலம்

அப்போ பசைப் பிடி கணக்குல இல்லை. வாடகை ஹெல்மெட்டுல ஒட்ட விடமாட்டாங்க, விட்டாலும் 72 மணி நேரம் கிடைக்காது. துவாரம் வழியா நாடா விட்டுக் கட்டுற பிடி இருக்கு, ஆனா அது சைக்கிள் ஹெல்மெட்டை மனசுல வச்சுப் பண்ணது. பனிச்சறுக்கு ஹெல்மெட்டுல நிறைய மாடலுக்குத் துவாரத்துல உள்வலையோ மூடியோ இருக்கும், நாடா போகாது. போனாலும் கொஞ்ச நேரத்துல தளர்ந்து ஆடும். ஆடுற பிடியை கேமராவோட எந்த நிலைப்படுத்தலும் (நடுக்கத்தைக் குறைக்கிற வசதி) காப்பாத்தாது, படம் ஜெல்லி மாதிரி நடுங்கும்.

சொந்தமா ஒரு ஹெல்மெட் வாங்குங்க. கேமராவுக்குச் செலவழிக்கிறதுல கொஞ்சம் குறைச்சு, பழைய மாடலை எடுத்தாலும் பரவாயில்லை. அளவு சரியில்லாத வாடகை ஹெல்மெட் மேல நல்ல கேமரா வச்சு எந்தப் பயனும் கிடையாது.

#13 ஃப்ரேம்60 (சென்னை)

செட்டிங்ஸ் என் பக்கம்.

4கே60, அகலப் பார்வை, நிலைப்படுத்தல் சாதாரண நிலை. 5.3கே வேண்டாம். பேட்டரி, கார்டு ரெண்டையும் தின்னும், போன்ல பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்லோ மோஷனாக் காட்டணும்ங்கிற ஒண்ணு ரெண்டு இறக்கத்துக்கு மட்டும் 4கே120.

படத்துல அடிவானத்தை எப்பவும் நேரா வைக்கிற அடிவானப் பூட்டை அணைச்சு வைங்க. திரும்பும்போது உடம்பு சாயுறதுதான் பனிச்சறுக்கோட அழகு, அதைப் பூட்டு நேராக்கி அழிச்சிடும். அகல லென்ஸ் ஏற்கனவே சரிவைத் தட்டையாக் காட்டும். 35 டிகிரிச் சரிவு படத்துல விளையாட்டு மைதானம் மாதிரி இருக்கும். செங்குத்துத் தெரியணும்னா சட்டகத்துல ஒப்பிட ஏதாவது வேணும்: தூரத்து அடிவானம், ஓரத்துல தேவதாரு மரம், முன்னால போற ஆள். பயிற்சியாளர் பின்னாடி ஒரே வேகத்துல போய் எடுத்த அரை நிமிஷம், தனியா எடுத்த பத்து நிமிஷத்தை விட நல்லா இருக்கும். இடைவெளி உங்க பாதுகாப்பு அனுமதிக்கிற அளவுக்கு. அகல லென்ஸ்ல அஞ்சு மீட்டர் தள்ளி இருக்கிறவரே சின்னதாத்தான் தெரிவார்.

வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கில விடாதீங்க. வெயில்ல இருந்து மர நிழலுக்குள்ள நுழையும்போது பனி வெள்ளையில இருந்து நீலத்துக்கு மாறும், ஒரே காட்சிக்குள்ள மாறுறதை எடிட்டிங்ல சரிபண்றது பெரிய வேதனை. 5500 கெல்வின்ல நிறுத்துங்க.

ஒளியளவு (எக்ஸ்போஷர்) மைனஸ் 0.5. வெளுத்துப்போன பனியில இருந்து எதையும் மீட்க முடியாது, கொஞ்சம் இருண்டதைத் தூக்கிக்கலாம்.

என்டி ஃபில்டர் (லென்ஸ் மேல போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) பத்தி எல்லாரும் கேட்பாங்க. வெயில் அடிக்கிற பனியில ஐஎஸ்ஓ 100, எஃப்2.8ல ஷட்டர் கிட்டத்தட்ட 1/6400க்குப் போகும். என்டி16 போட்டா 1/400, என்டி32 போட்டா 1/200. 60 சட்டகத்துக்கு 1/120 வைக்கணும்ங்கிற சினிமா விதியை இங்கே பிடிச்சுக்கிட்டு என்டி64 போட்டா, ஒவ்வொரு சட்டகத்துலயும் தலை அதிர்ந்த மங்கல் பதிவாகிடும். நிலைப்படுத்தல் சட்டகத்தை நகர்த்தி நேராக்கும், ஆனா மங்கலை எடுக்காது. அசையாத படத்துக்கு நடுவுல துடிக்கிற மங்கல் கண்ணை உறுத்தும். ஹெல்மெட்டுக்கு என்டி16க்கு மேல போகாதீங்க, இல்லாமலே எடுத்தாலும் சரி.

#14 ஒஸ்லோவாசி

ஒளியளவில நான் ஒத்துக்கொள்ளேல்லை. நல்ல வெயிலுக்கு மைனஸ் 0.5 சரி. மேகம் மூடின நாளில அது பிழை. கமெராவின்ர அளவி எந்தக் காட்சியையும் நடுச் சாம்பல் எண்டு நினைச்சுத்தான் அளக்கும். சட்டகம் முழுக்கப் பனி எண்டால் அதைச் சாம்பலாக்கிப்போடும். அதுக்கு மேல இன்னும் அரை குறைச்சால் சேறு மாதிரி வரும். மூட்டமான நாளில பூச்சியம் அல்லது பிளஸ் 0.5, அதோட என்டி ஃபில்டரைக் கழட்டுங்கோ. நிழலே இல்லாத தட்டை வெளிச்சத்தில மரங்களுக்குள்ள எடுத்தால்தான் ஏதும் தெரியும், திறந்த வெளியில வெறும் வெள்ளைதான் வரும்.

#15 ஃப்ரேம்60

ஒத்துக்கிறேன், நான் வெயில் நாளை மட்டும் வச்சுச் சொன்னேன். காலையில வானத்தைப் பார்த்து மாத்திக்கோங்க.

கார்டு கணக்கு: விநாடிக்கு 120 மெகாபிட்னா நிமிஷத்துக்கு 900 எம்பி, மணிக்கு 54 ஜிபி. 128 ஜிபி கார்டு ரெண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல. 256 ஒண்ணை விட 128 ரெண்டு நல்லது. ஒண்ணு பழுதானா பாதிப் பயணம் மிஞ்சும். எழுதுற வேகத்தைக் காட்டுற வி30 முத்திரை இருக்கணும். போலி கார்டு நிறைய சுத்துது, வாங்கினதும் முழுக் கொள்ளளவுக்கும் கோப்பு எழுதித் திரும்பப் படிச்சுப் பாருங்க. கேமராவுக்குள்ள வச்சே ஃபார்மட் பண்ணுங்க, கணினியில வேண்டாம்.

#16 பனித்துளி

எக்ஸ்3 பத்தி யாரும் பேசலையே? எல்லாப் பக்கமும் பதிவாகுறதால சாய்வு, கோணம் எதையும் பத்திக் கவலை இல்லையே.

#17 கனடாக்குளிர்

360 கமெராவின்ர பலம் கையில பிடிக்கிற தடியிலதான். தடி ரெண்டு லென்ஸுக்கும் நடுவில விழுறபடியால் படத்தில மறைஞ்சிடும், ட்ரோன் பின்னால வாற மாதிரித் தோற்றம் வரும். ஆனால் ஒரு கையில தடி பிடிச்சால் கோலை விடவேணும். நடுத்தர நிலையில அது நல்லதில்லை, முதல்முறையாப் பாதைக்கு வெளிய இறங்கேக்க அறவே கூடாது.

ஹெல்மெற்றில பூட்டினால் அந்தப் பலன் போயிடும். 5.7கே எண்டது முழுக் கோளத்துக்கும் பரவின எண். அதில நீங்கள் வெட்டி எடுக்கிற ஒரு பக்கப் பார்வை எச்டி தரத்துக்குக் கிட்டத்தான் வரும். உயரமும் கூட, எடை 180 கிராம். ரெண்டு லென்ஸும் புடைச்சு வெளிய நிக்கும், எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒண்டு உரசும். ஒவ்வொரு இறக்கத்தையும் கணினியில இருந்து கோணம் பிடிச்சு வெட்டவும் வேணும். தடி பிடிக்கிற நண்பர் ஒருத்தர் கூட வந்தால் அவரிட்டக் குடுங்கோ.

பாரம்தான் கவலை எண்டால் இன்ஸ்டா360 கோ 3எஸ் பாருங்கோ. 39 கிராம், 4கே30, காந்தத்தில ஒட்டும். கழுத்துக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சின்னப் பற்றரி, கழட்டி மாத்தேலாது. ஆகவே குறுகிய துண்டுகளுக்கு மட்டும்.

#18 வெண்சரிவு

லென்ஸில ஈரம் படியிறதைப் பற்றி ஆரும் எழுதேல்லை. மலையில லென்ஸ் மங்குறதுக்குக் காரணம் குளிர் இல்லை, சூட்டுக்கும் குளிருக்கும் இடையில போய்வாறது. சாப்பாட்டுக் கடைக்குள்ள கமெராவைக் கொண்டுபோனால் சூடான ஈரக்காத்து குளிர்ந்த கண்ணாடியில படியும். பற்றரிக் கதவைத் திறந்தால் உள்ளுக்கும் போகும். திருப்பி வெளிய வந்தால் அது உறைஞ்சு, அண்டைய நாள் முடிஞ்சுது. வெளியில நிக்கேக்கயே ஜிப் பூட்டுப் பையில போட்டுக் காத்தை அமத்தி எடுத்து மூடி, பையோட உள்ளுக்குக் கொண்டுபோங்கோ. ஈரம் பையின்ர வெளிப்பக்கத்தில படியும். கமெரா அறை வெப்பத்துக்கு வரும்வரைக்கும் பையைத் திறக்காதேங்கோ. பையுக்குள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் நல்லது.

லென்ஸில பனி விழுந்தால் வாயால ஊதாதேங்கோ, மூச்சு அதிலேயே உறையும். கையுறையாலயும் தேய்க்காதேங்கோ. கழுத்தில ஒரு மைக்ரோஃபைபர் துணி, ஒத்தி எடுங்கோ.

#19 தென்றல்82

எல்லாருக்கும் நன்றி. ஆக்‌ஷன் 4, சொந்த ஹெல்மெட், நெற்றிப் பிடி, கொங்டூரிக்கு மட்டும் நெஞ்சுப் பட்டை, மூணு பேட்டரி, 128 ரெண்டு. ரிமோட் இல்லை. சென்னையில குளிரே இல்லாம இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறது? பேட்டரியை விமானத்துல எப்படிக் கொண்டு போறது?

#20 மின்கலம்

வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18ல இருக்கும், ஆக்‌ஷன் 4 தாங்கற எல்லைக்குள்ள. முழுச் சார்ஜோட ஜிப் பையில போட்டு ஒரு மணி நேரம் வைங்க. அப்படியே பைக்குள்ளேயே பதிவைத் தொடங்கி, ஃப்ரீஸரை மூடி, எத்தனை நிமிஷத்துல அணையுதுன்னு குறிச்சுக்கோங்க. மூணு பேட்டரிக்கும் இதே சோதனை. ஒண்ணு மட்டும் சீக்கிரம் போச்சுன்னா அதை இப்பவே மாத்தலாம். எடுத்ததும் பையைத் திறக்காதீங்க, சென்னை ஈரத்துல ஒரு நொடியில நனைஞ்சிடும். ரெண்டு மணி நேரம் அப்படியே விடுங்க.

விமானத்துல: உதிரி பேட்டரி கைப்பையில மட்டும், சோதனைக்குப் போற பெட்டியில கூடாது. ஒண்ணு 7 வாட் மணிக்கும் குறைவு, எல்லை 100, அதனால அளவுல பிரச்சினை வராது. முனைகள் ஒண்ணோட ஒண்ணு உரசாம பெட்டியில போடுங்க.

#21 கனடாக்குளிர்

ஒரு உதிரித் திருகும் எடுங்கோ. கோப்ரோ வகை மூட்டுக்கு எம்5, கைப்பிடியோட வாறது. கையுறையோட இறுக்கேக்க பனியில விழுந்தால் தேடி எடுக்கேலாது. குளிரில பிளாஸ்ரிக் சுருங்கி மூட்டு தளரும். மேல போய்ப் பத்து நிமிசத்தால ஒருக்கா இறுக்குங்கோ. பிறகு மூட்டில நீங்கள் மையால போட்ட கோடு ஒண்டுக்கு ஒண்டு நேர நிக்குதோ எண்டு வழிகாட்டியிட்டக் காட்டிக் கேளுங்கோ, உங்கட நெற்றி உங்களுக்குத் தெரியாது.